மணிக்குப் பத்து யூரோ, கையில் ரொக்கம்: ஜெர்மனியில் வீட்டு வேலைக்கு ஆள் தேடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிவிட்ட, வீட்டு வேலைக்கு வாரத்தில் சில மணி நேரம் ஆள் வைத்திருக்கும் அல்லது தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். "மூன்று அறை வீடு, வாரம் மூன்று மணி நேரம், மணிக்குப் பத்து யூரோ, பணம் அன்றன்றே கையில், மாணவர்களுக்கு முன்னுரிமை." இந்த மாதிரி அறிவிப்பை நீங்கள் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் படித்துவிட்டு யாருக்காவது அனுப்பியாவது இருப்பீர்கள். ஒரே வரியில் இரண்டு சட்டமீறல்கள் இருக்கின்றன, எழுதுகிறவருக்கும் அது தெரியவில்லை, படிக்கிறவருக்கும் உறுத்தவில்லை. சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே. 'கையில்' என்றால் பதிவு கிடையாது என்று இங்கே எல்லோருக்கும் புரியும். அந்தக் கடைசி வார்த்தை, மாணவர்கள், அதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஆள் வைப்பதே தப்பு என்று பாடம் எடுக்க நான் வரவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, கிட்டா (குழந்தைகள் காப்பகம்) மூன்றரைக்கு மூடிவிடும், பாதி நாள் ஆட்கள் இல்லை என்று அதற்கு முன்பே மூடிவிடுவார்கள், குடியிருப்பின் பொது மாடிப்படியைத் துடைக்கும் நம் முறை வேறு தவறாமல் வந்து நிற்கும். உதவி தேவைதான். இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் வைத்துக்கொள்கிறார்கள், அதில் பெரும்பாலோர் பதிவு செய்வதில்லை என்பதும் உண்மை. பத்து வீட்டு உதவியாளர்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் பதிவில்லாமல்தான் வேலை செய்கிறார்கள் என்பது இந்த நாட்டுப் பொருளாதார ஆய்வாளர்களே சொல்லும் மதிப்பீடு. "அவங்களே செய்யலை, நாம மட்டும் ஏன்?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒன்பதுதான் பதில் போலத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி யாரையோ ரொக்கத்துக்கு வைத்திருந்து மாட்டினால் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவார். நாம் கூப்பிடுகிற ஆளுக்குப் பெரும்பாலும் கையில் இருப்பது காலாவதித் தேதி போட்ட ஒரு வதிவிட அனுமதி அட்டை, அடுத்த வருடம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் அதை நீட்டிக்க வேண்டிய நிலைமை. ஆபத்து ஒரே அளவு இல்லை.

சரி, பதிவு செய்வது அவ்வளவு பெரிய வேலையா? நம்மில் நிறைய பேர் ஏதோ கம்பெனி தொடங்குவது மாதிரி, வரி ஆலோசகர் வைத்து, மாதாமாதம் சம்பளச் சீட்டு அடிப்பது மாதிரி கற்பனை செய்துகொண்டு பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தனியார் வீடுகளுக்கென்றே மினிஜாப் என்ற, குறைந்த சம்பளச் சிறு வேலைகளுக்கான ஏற்பாட்டில் ஒரு சுருக்கமான வழி வைத்திருக்கிறார்கள், அதன் பெயர் ஹவுஸ்ஹால்ட்ஸ்ஷெக். எஸ்ஸன் நகரில் இருக்கும் மினிஜாப்-சென்ட்ராலே என்ற ஒரே அலுவலகம் நாடு முழுவதற்கும் இதைப் பார்த்துக்கொள்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் ஒரு படிவம்: உங்கள் பெயர், முகவரி, வரி எண், உதவிக்கு வருபவரின் பெயர், பிறந்த தேதி, ஓய்வூதியக் காப்பீட்டு எண், மாதச் சம்பளம், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள அனுமதி. அவ்வளவுதான். முதலாளிக்கு வேண்டிய எண்ணை அவர்களே ஒதுக்கிவிடுவார்கள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கும் அவர்களே போடுவார்கள், வருடத்துக்கு இரண்டே முறை, ஜூலை கடைசியிலும் ஜனவரி கடைசியிலும், உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதி) இருக்கிறேன், நான் இன்னொருவருக்கு முதலாளியாக இருக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். வீட்டைச் சுத்தம் செய்ய ஒருவரை வைப்பது தொழில் நடத்துவது ஆகாது, அதற்கு உங்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை.

2026 ஜனவரி முதல் மினிஜாப் என்பதற்கான மாத வரம்பு 603 யூரோ, குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ (2025-ல் 12.82 ஆக இருந்தது). வாரம் மூன்று மணி நேரத்துக்கு அந்த வரம்பைத் தொடவே முடியாது. முதலாளி கட்ட வேண்டிய பங்கு எல்லாம் சேர்த்து, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்கு 5 சதவீதம், ஓய்வூதியத்துக்கு 5, விபத்துக் காப்பீட்டுக்கு 1.6, வரிக்கு 2, அப்புறம் நோய்க்கால ஊதியம், பேறுகால ஊதியம் இரண்டுக்குமான சின்னச் சின்னப் பங்குகள், மொத்தம் 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். கடையோ அலுவலகமோ வைத்திருந்தால் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். வீடுகளுக்கு வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள், நாம் மறைக்காமல் இருக்கட்டும் என்றுதான்.

இப்போது கணக்கு. நாம் எல்லோரும் எக்செல்லில் வாழ்கிறவர்கள்தானே, போட்டுப் பார்ப்போம். வாரம் மூன்று மணி என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று மணி நேரம், மணிக்கு 15 யூரோ, ஆக 195 யூரோ. வருடத்துக்கு 2,340. மேலே நீங்கள் கட்டும் பங்கு வருடத்துக்கு ஏறக்குறைய 340. மொத்தம் 2,680 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரித் தாக்கலில், வீட்டுச் செலவுகளுக்கென்று இருக்கும் தனி இணைப்புப் படிவத்தில், இந்தத் தொகையில் 20 சதவீதத்தை, வருடத்துக்கு 510 யூரோ வரை, கழித்துக்கொள்ளலாம். கவனியுங்கள், இது வருமானத்திலிருந்து கழிப்பது இல்லை, கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிப்பது. 2,680-ல் 20 சதவீதம் 536, வரம்பு 510, ஆக 510 யூரோ உங்களுக்குத் திரும்பி வருகிறது. நிகரச் செலவு 2,170. அதே 15 யூரோவை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் 2,340. பதிவு செய்ததால் உங்களுக்கு வருடத்துக்கு 170 யூரோ மிச்சம். ப்ளூ கார்டு சம்பளத்தில் 510 யூரோகூட வரி கட்டாதவர் இருக்க மாட்டார், அதனால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பின்னால் ரசீது தேடி அலையவும் வேண்டாம், வருட ஆரம்பத்தில் மினிஜாப்-சென்ட்ராலே ஒரு சான்று அனுப்பும், அதைப் பார்த்து எண்ணை நிரப்பினால் போதும்.

"ஆனா நாங்க பத்து யூரோதானே கொடுக்கிறோம், வருஷத்துக்கு 1,560-தானே ஆகுது" என்பீர்கள். சரியாகச் சொன்னீர்கள். 2,170-க்கும் 1,560-க்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு ஐம்பது யூரோ சொச்சம். அந்த ஐம்பது யூரோ அரசாங்கத்துக்குப் போக வேண்டிய வரி இல்லை, அதைத்தான் அரசாங்கம் வரிக்கழிவில் திருப்பித் தந்துவிடுகிறதே. அது வேலை செய்த ஆளின் சம்பளம். வரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் மிச்சம் பிடிப்பது அந்தப் பெண்ணின் அல்லது பையனின் கூலியைத்தான். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல வேண்டியது முக்கியமாக இது ஒன்றுதான், மற்றதெல்லாம் விவரம்.

விவரத்திலும் சிலவற்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏணியில் ஏறி ஜன்னல் துடைக்கிறார், விழுந்து கை உடைகிறது. பதிவு இருந்தால் விபத்துக் காப்பீடு சிகிச்சை, மறுவாழ்வு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்கு வரும் வழியில் விழுந்தாலும்கூட. பதிவு இல்லாவிட்டாலும் அவருக்குச் சிகிச்சை கிடைக்கும், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் காப்பீடு அந்தச் செலவை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். எலும்பு முறிவு, அறுவை, சில மாத மறுவாழ்வு என்று போனால் தொகை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு முன்னால், பதிவு செய்யாததற்கு 5,000 யூரோ வரை விதிக்கப்படக்கூடிய அபராதம் சின்ன விஷயம். அபராதம் கட்டினால் குடியுரிமை கிடைக்காமல் போய்விடும் என்று யாரையும் பயமுறுத்தவும் மாட்டேன், அப்படிச் சுற்றி வரும் பேச்சு பொய், நிர்வாக அபராதம் என்பது குற்றவியல் தண்டனை அல்ல.

விடுமுறையும் அப்படித்தான். மினிஜாப் என்பது அரைகுறை வேலை இல்லை, முழு வேலைக்கான உரிமைகள் இதற்கும் உண்டு. வருடத்துக்கு நான்கு வாரம் சம்பளத்துடன் விடுப்பு, வாரம் ஒரு நாள் வருகிறவருக்கு அது நான்கு நாள். அவர் வரும் கிழமையில் அரசு விடுமுறை வந்தால் அன்றைய சம்பளமும் கொடுக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால், வேலைக்குச் சேர்ந்து நான்கு வாரம் ஆகிவிட்டிருந்தால், ஆறு வாரம் வரை சம்பளம் தொடரும், அதில் 80 சதவீதத்தை மினிஜாப்-சென்ட்ராலே உங்களுக்குத் திருப்பித் தரும், கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. நாம் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் சம்பளம் இல்லை என்று சொல்வது நடக்காது. உங்கள் அலுவலகம் ஆகஸ்டில் ஆறு வாரம் மூடிவிட்டுச் சம்பளம் இல்லை என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா? முன்கூட்டியே பேசி அவருடைய நான்கு நாள் விடுப்பை அந்தச் சமயத்தில் வைத்துக்கொள்ளலாம், மிச்ச நாட்களுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, மாதிரி ஒப்பந்தமும் அதே இணையதளத்தில் இருக்கிறது.

"நாங்க பதிவு செய்யத் தயார், அவங்கதான் வேண்டாங்கறாங்க." இதை நிறைய முறை கேட்டாயிற்று. பல நேரம் உண்மையும்கூட. ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் கையில் வருவது குறைந்துவிடும் என்ற பயம்தான். வரி பிடிக்க மாட்டார்கள், அந்த 2 சதவீதத்தை நீங்கள் கட்டுவதோடு அவருடைய வரிக்கணக்கு முடிந்தது. ஓய்வூதியத்துக்கு மட்டும் அவர் பங்கு என்று 13.6 சதவீதம் உண்டு, அது வீட்டு வேலையில் கொஞ்சம் அதிகம்தான், மாதச் சம்பளம் 175 யூரோவுக்கும் கீழே இருந்தால் இன்னும் உறுத்தும், ஏனென்றால் குறைந்தது 175 யூரோவுக்கான தொகையைக் கட்டியாக வேண்டும். ஆனால் அவர் விரும்பினால் எழுதிக் கொடுத்து அதிலிருந்து விலகிக்கொள்ளலாம், அப்போது 195 யூரோ என்றால் 195-ம் கைக்கு வரும். விலகுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் அவருக்காக முடிவு செய்து படிவத்தை நீட்டாதீர்கள், இங்கேயே பல வருடம் இருக்கப் போகிறவருக்கு அந்த ஓய்வூதிய மாதங்கள் பின்னால் உதவும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: நீங்கள் 5 சதவீதம் மருத்துவத்துக்குக் கட்டுவதால் அவருக்கு மருத்துவக் காப்பீடு வந்துவிடாது. அவருக்கென்று தனியாகக் காப்பீடு இருக்க வேண்டும், மாணவர் காப்பீடோ, கணவரோடு குடும்பக் காப்பீடோ, வேறு வேலை வழியாகவோ. இது தெரியாமல் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரசு உதவித்தொகை வாங்குகிறவர், வருமானம் தெரிந்தால் அது குறையும் என்பதற்காகப் பதிவு வேண்டாம் என்கிறார் என்றால் அந்தக் கணக்கு வேறு. அவர் நிலைமை எனக்குப் புரிகிறது, இருந்தாலும் அந்த மறைப்பில் பங்காளியாக நான் தயாரில்லை, நீங்களும் ஆக வேண்டாம் என்பேன்.

ஆளைச் சேர்க்கும் முன் அவருடைய வதிவிட அனுமதியைப் பார்க்க வேண்டும், நகல் எடுத்து வேலை முடியும்வரை வைத்திருக்க வேண்டும். இது மரியாதைக் குறைவு இல்லை, வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் எல்லோருக்கும் சட்டம் விதித்திருக்கும் கடமை, உங்கள் அலுவலகம் உங்கள் ப்ளூ கார்டை நகல் எடுத்தது இதற்காகத்தான். அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாப்ட்' (தொழில், வேலை செய்ய அனுமதி உண்டு) என்று இருந்தால் எந்த வேலையும் செய்யலாம், ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கு அப்படித்தான் இருக்கும். போலந்து, ருமேனியா, பல்கேரியா போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு அனுமதியே தேவையில்லை. சுற்றுலா விசாவில் வந்திருப்பவரை, அவர் யாருக்கு எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், சம்பளத்துக்கு வைக்கக் கூடாது. வேலை அனுமதி இல்லாதவரை வைத்தால் அது வேறு அளவிலான வழக்கு, அங்கே அபராதத்தின் உச்சவரம்பு ஐந்து லட்சம் யூரோ.

இனி மாணவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து படிக்க வந்தவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சிலிருந்து இதுதான் கணக்கு, அதற்கு முன்பு 120-ம் 240-ம். நான்கு மணி நேரம் வரை அரை நாள். உங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம் வந்தால் வருடத்துக்கு 52 அரை நாட்கள் போகிறது. அவருக்கு ஏற்கெனவே ஒரு கடையிலோ கிடங்கிலோ வேலை இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அதனால் கேளுங்கள். "தம்பி, நீயே ஒரு ரசீது போட்டுக் கொடுத்துடு, சுயதொழில் மாதிரி பண்ணிக்கலாம்" என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மாணவர் அனுமதியில் சுயதொழில் செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அது இல்லாமல் அவர் போடும் ஒவ்வொரு ரசீதும் அவருக்கு எதிரான ஆதாரம்.

இந்த மாணவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? தம்பி, தங்கை. அவர்கள் நம்மை அண்ணா, அக்கா. அழகான பழக்கம்தான், அந்நிய ஊரில் அது ஒரு ஆறுதல். ஆனால் அதே உறவைச் சொல்லி மணிக்குப் பத்து யூரோ. "நம்ம பையன்தானே", "சாப்பாடும் போடறோமே", "அவனுக்கும் ஒரு உதவி". ஜெர்மன் மூதாட்டி வீட்டில் அதே பையன் பதினைந்து கேட்பான், கூச்சமில்லாமல். நம்மிடம் கேட்க மாட்டான், அக்கா தப்பாக நினைப்பாரோ, நாளைக்கு அறை தேடும்போது, வேலைக்குப் பரிந்துரை வேண்டும்போது இவர்கள் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று. நாம் அதைத் தெரிந்துதான் அந்த அறிவிப்பில் 'மாணவர்களுக்கு முன்னுரிமை' என்று எழுதுகிறோம், இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஊதியம் மாணவருக்கும் உண்டு, மினிஜாபுக்கும் உண்டு, வீட்டு வேலைக்கும் உண்டு. அவரே சம்மதித்துக் குறைவாக வாங்கிக்கொண்டாலும் அந்தச் சம்மதம் செல்லாது, மிச்சத்தைப் பின்னால் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. சாப்பாடு போடுங்கள், நன்றாகப் போடுங்கள், அதைச் சம்பளத்தில் கழிக்காதீர்கள்.

இந்த முதலாளி வேலையே வேண்டாம் என்றால் சுத்தம் செய்யும் நிறுவனத்தைக் கூப்பிடலாம். மணிக்கு அதிகம் ஆகும், 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும், ஆனால் ஆள் வரவில்லை, உடம்பு சரியில்லை என்ற தலைவலியெல்லாம் அவர்களுடையது. அங்கேயும் 20 சதவீத வரிக்கழிவு உண்டு, வருடத்துக்கு 4,000 யூரோ வரை, ரசீதும் வங்கி வழியாகக் கட்டிய ஆதாரமும் இருந்தால் மட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடைக்காது. செயலி வழியாக ஆள் எடுத்தால் வருகிறவர் யாருடைய பணியாளர், தனியாகத் தொழில் பதிவு செய்தவரா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வருகிறார் என்றால் அந்தப் பங்கைத் தனியாகக் காட்டுவது லாபம்: 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கான பராமரிப்புச் செலவில் 80 சதவீதத்தை, ஒரு பிள்ளைக்கு 4,800 யூரோ வரை, 2025 முதல் வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதற்கும் பணம் வங்கி வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

இங்குள்ள நம் தமிழ்ச் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டுப் பதிவு, வங்கிக் கணக்கு, கிட்டா விண்ணப்பம் என்று அருமையாக வழிகாட்டிக் குறிப்பு வைத்திருக்கிறீர்கள், அதில் இந்த ஒரு பக்கத்தையும் சேருங்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வரும் அறிவிப்புகளை அனுமதிக்காதீர்கள், போட்டவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். மாணவர்களுக்கான வரவேற்புக் கூட்டத்தில் 13.90 என்ற எண்ணையும் 280 அரை நாள் கணக்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதைக் கேட்டு முன்வரிசையில் இருக்கும் சில அண்ணன்களும் அக்காக்களும் நெளிந்தால் நெளியட்டும்.

ஏற்கெனவே ஆள் வைத்திருப்பவர்கள் அவரையே அடுத்த மாதத்திலிருந்து பதிவு செய்துகொள்ளலாம், புதிதாக யாரையும் தேட வேண்டாம். முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், சம்பளத்தை 15-க்கு ஏற்றுகிறோம், பதிவும் செய்கிறோம், உன் கைக்கு வருவது குறையாது என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுங்கள். புது அறிவிப்பு போடுகிறவர்கள் இப்படிப் போடுங்கள்: வாரம் மூன்று மணி நேரம், மணிக்கு 15 யூரோ, மினிஜாப் பதிவு உண்டு, விடுப்புக்கும் சம்பளம் உண்டு. படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று குழப்பம் வந்தால் என்னைக் கேளுங்கள், வரி எண்ணையும் வரி அடையாள எண்ணையும் மாற்றி எழுதுவதுதான் எல்லோரும் தடுமாறும் இடம், இரண்டும் வேறு வேறு.

அன்புடன்,
உங்களைப் போல இங்கே வேலைக்கு வந்த ஒருவர்